பாதிவழி என்று பெயரெடுத்த வண்டி

ஒரு வண்டிக்கு ராசி உண்டு என்று நீங்கள் நம்புகிறீர்களா? உடனே உதட்டைப் பிதுக்கிச் "சேச்சே" என்று சொல்லிவிடாதீர்கள். வாசலில் நிற்கும் உங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். கயிறு, தாயத்து, கூட்டிக் கழித்து வாங்கிய எண் என்று ஒன்றுமே இல்லையா? இல்லையென்றால் உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. இருந்தால், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்த ஊரில் ஒரு சின்ன ஜீப் இருந்தது. பெரிய ஜீப் ஒன்றைத் துவைத்து வெயிலில் போட்டதும் சுருங்கிவிட்டதுபோல அத்தனை சின்னது. மஞ்சள் நிறம், முட்டைக்கண் விளக்குகள், கூரைக்குப் பதில் கித்தான். முன்கண்ணாடியை மடக்கி மூக்கின்மேல் படுக்க வைத்துவிடலாம். கதவென்று ஒன்று கிடையாது. கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சங்கிலி. இதைச் செய்த தொழிற்சாலையே இப்படி வண்டி செய்வதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. காடுமேடெல்லாம் ஏறுவதற்கென்றே பிறந்த வண்டி. ஊர் அதற்கு வைத்திருந்த பெயரோ 'பாதிவழி'.

காரணம் இருந்தது. ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு உண்டு. அதற்குப் போகும் மண்பாதையில் வழுக்குமேடு என்று ஓர் ஏற்றம். வண்டியின் முதல் சொந்தக்காரரான மரக்கடை முதலாளி அந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு, மாடு கட்டி இழுக்க வைத்தார். அவரிடமிருந்து வாங்கிய பால் வியாபாரி அதே இடத்தில் மாட்டிக்கொண்டு கேன் கேனாகப் பாலைக் கொட்டினார். அவரிடமிருந்து வாங்கிய மருந்துக்கடைக்காரர் அங்கே மாட்டிக்கொண்டதோடு, இறங்கித் தள்ளப்போய் இடுப்பையும் பிடித்துக்கொண்டார். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. வண்டிக்கு ராசி இல்லை.

ராசி இல்லாததற்கு ஒரு பரிகாரமும் நடந்திருந்தது. மரக்கடை முதலாளி அந்தக் காலத்திலேயே ஒரு பரிகாரக்காரரை அழைத்து வந்தார். அவர் கண்ணை மூடி யோசித்து, வண்டியின் முன் சக்கரங்கள்தான் தோஷத்தை முதலில் மிதிக்கின்றன என்று கண்டுபிடித்து, தேநீர்த் தட்டு அளவில் இரண்டு பித்தளைத் தகடுகளை மந்திரித்து, முன் சக்கரங்களின் நடுவில் சக்கரத்துக்கு ஒன்றாக முடுக்கிவிட்டார். காவல் தகடு. கழற்றினால் ஓட்டுபவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தகடு பூட்டிய பிறகும் வண்டி வழுக்குமேட்டில் நிற்கத்தானே செய்தது என்று யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். தகடு இருந்ததால்தான் உயிரோடு திரும்பினோம் என்று பதில் வந்தது. தோற்றாலும் ஜெயித்தாலும் தனக்கே மாலை விழும்படி பேசத் தெரிந்தவனைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் உண்டா?

மருந்துக்கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த இந்த வண்டியைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தவள் கண்ணாடியம்மா.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் என்பதால் அந்தப் பெயர். கண் சோதித்து, கண்ணாடி வெட்டி, சட்டத்தில் பொருத்தி, மூக்கில் மாட்டிவிடுவது வரை எல்லாம் அவளே. கடை ஒரு அறைதான். ஒரு சுவரில் சட்டங்கள், எதிர்ச்சுவரில் மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே வரவர எறும்பாகும் எழுத்துகள், நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்காருகிறவர் முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, முன்னே போட்டது நல்லாருந்துச்சா?" என்று கேட்டபடி இருப்பாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் தெளிந்தது என்று தெரியாமல் போய்விடும் என்பாள். அடுத்த அறை அவள் கணவரின் முடிதிருத்தும் கடை. ஊரில் எந்தச் செய்தியும் முதலில் அவர் கத்திரிக்கோலில் நறுக்கப்பட்டுத்தான் வெளியே போகும்.

கண்ணாடியம்மா எதற்கும் அவ்வளவாக ஆசைப்படாதவள். நகை கேட்டதில்லை, புடவைக்கடையில் ஐந்து நிமிடம் நின்றதில்லை. அப்படிப்பட்டவள் கண் மருந்து வாங்கும் சாக்கில் தினமும் மருந்துக்கடைக்குப் போக ஆரம்பித்தாள். மருந்துக்கடைக்காரர் சில்லறை எடுக்கத் திரும்பும்போது பின்கட்டை எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள், விலைக்குத் தருவீர்களா என்று.

"அம்மா, பழகின தோஷத்துக்குச் சொல்றேன்" என்றார் அவர், இடுப்பைத் தடவிக்கொண்டே. "வேணும்னா வாங்கி வீட்டுல பொம்மை மாதிரி நிறுத்திக்குங்க. ஓட்டாதீங்க."

"ஓடாத பொம்மை வாங்க நான் என்ன பச்சைக் குழந்தையா?"

பழைய இரும்புக்காரன் கொடுக்கும் விலைக்கே வண்டி கைமாறியது. அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. காவல் தகட்டை மட்டும் கழற்றக் கூடாது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, பழி தன் தலையில் விழக் கூடாது.

அன்று சாயங்காலம் மஞ்சள் ஜீப் முடிதிருத்தும் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான். திருமணத்துக்கு முன்பு ஒரு கண் மருத்துவமனையின் முகாம் வேனை ஓட்டிப் பழகிய கை. இறங்கியவள் முகத்தைப் பார்த்துக் கணவர் சீப்பும் கையுமாக அப்படியே நின்றார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ என்னைப் பாத்து இப்படிச் சிரிக்கலையே."

"உங்களை ஓட்டிப் பாத்து வாங்கிக்கன்னு யாரும் சொல்லலையே."

மீசை திருத்த உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், பாதி மீசையோடு சிரித்துத் தொலைத்தார். மறுநாள் ஊர் முழுக்க இந்தப் பேச்சுத்தான்.

வீட்டில் இன்னொருத்தி உண்டு. கணவரின் தங்கை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கையளவு ஓட்டை வழியாக ஊரையே பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வண்டியைச் சுற்றி வந்தவள், பித்தளைத் தகட்டைக் குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியம்மாவோ அந்த நிபந்தனையைப் பற்றிச் சொல்லி, பேச்சு மாறாமல் எப்படிக் கழற்றுவது என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணி. உங்ககிட்ட சோறா கேக்குது?"

கண்ணாடியம்மா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவளுக்குத் தகட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு பித்தளைக்காக வீட்டில் ஒரு சண்டையா என்று நினைத்தாள். நல்லவர்கள் எல்லாரும் நினைப்பது இதைத்தான். இருந்துவிட்டுப் போகட்டும். உலகத்தில் பாதி அநியாயம் இந்தச் சொல்லின் நிழலில்தான் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நம்புகிறவனால் நடக்கும் கேடு ஒரு பங்கு என்றால், நம்பாமலே சும்மா இருப்பவனால் நடப்பது மூன்று பங்கு. அவள் செய்த தவறு இது ஒன்றுதான். அதற்கு அவள் பட்டதும் உண்டு.

ஆனால் முதலில் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பதில் உள்ள சந்தோஷம், அதை வைத்திருக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. குளிர்ந்த காலையில் அது சாமானியமாக எழுந்திருக்காது. சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து, சாவியைத் திருப்பினால் இரண்டு முறை இருமும். மூன்றாவது முறை தெருவே அதிரும்படி உறுமும். உடனே சோக்கை உள்ளே தள்ள வேண்டும். தாமதித்தால் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். இந்தப் பக்குவம் கை வந்த நாளில் கண்ணாடியம்மா வாசலில் தனியாக நின்று குதித்தாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார் என்றதும் காலில் ஏதோ குத்தியதுபோல நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

கித்தான் கூரையில் கிழிந்த இடங்களைக் கண்ணாடிக் கூடு தைக்கும் தடித்த ஊசியால் தானே தைத்தாள். துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி, அதே மஞ்சளைத் தேடிப்பிடித்துப் பூசினாள். ஹாரன் தும்மல்போல ஒலிக்கும். அதை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஓய்வு நாளில் முன்கண்ணாடியை மடக்கிப் போட்டு ஆற்றோரச் சாலையில் விட்டடித்தால் காற்று நேராக முகத்தில் அறையும். வாயைத் திறந்தால் பூச்சி உள்ளே போகும். ஆனாலும் வாயை மூட முடியாது, சிரிப்பு அடங்காது. பக்கத்து இருக்கையில் கணவர் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை வாரியது அத்தனையும் வீணாய்ப் போனதாகப் புலம்பிக்கொண்டு வருவார். அடுத்த வாரம் முதலில் ஏறி உட்காருபவரும் அவர்தான்.

பட்டறைக்கு மாதம் ஒருமுறை போவாள். மெக்கானிக் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து எண்ணெய் போடுவார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. அதை இழுத்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று காட்டிக்கொடுத்தார். கியர்ப் பெட்டி புதுசு மாதிரி இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் முன் சக்கரங்களின் நடுப்பகுதியை மட்டும் அவர் கை தொடாது. தகட்டில் கை வைக்க மாட்டேன் என்று முதல் சொந்தக்காரரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம். ஊருக்குள் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்குக் குட்டைக் கம்பியின் வேலையே வரவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை வந்த நாளில் கடைக்குள் ஒரு பெண் நுழைந்தாள். செருப்பு கையில் இருந்தது, கணுக்கால் வரை சேறு. மேல்குடியிருப்பிலிருந்து நடந்தே வந்தவள். அங்கே எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வது ஒரே வேலை. கல்யாண உடுப்புகளில் பாசிமணி கோத்துத் தைப்பது. இவள் அதில் கை தேர்ந்தவள் என்பதால் ஊசிக்காரி என்றே பெயர். நாற்பதைத் தாண்டியிருந்தாள். மூன்று மாதமாக ஊசியின் காது தெரியவில்லை என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள்போல.

கண்ணாடியம்மா அவளைச் சுழல் நாற்காலியில் உட்கார்த்தி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். ஓர் இடத்தில் ஊசிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கித் தன் விரல் நுனியைப் பார்த்தாள். அதில் ஊசி குத்தித் தழும்பேறிய புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அம்மா, அப்ப என் கண்ணு போகலையா?"

"எங்க போகும்? வயசானா எல்லாருக்கும் கிட்டத்துப் பார்வை இப்படித்தான் ஆகும். எனக்கும் ஆயிருக்கு, பாரு" என்று தன் மூக்கிலிருந்ததைக் கழற்றிக் காட்டினாள் கண்ணாடியம்மா.

ஊசிக்காரி அழவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு சொல்லியதில் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. வேலை கொடுக்கும் ஒப்பந்தக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை மேலே வருவார். பெண்களை வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஓர் ஊசியும் நூலும் கொடுத்து, தன் கண்முன்னால் கோக்கச் சொல்வார். கோக்க முடியாதவளுக்கு அன்றோடு வேலை இல்லை. அவள் கை எத்தனை வருஷம் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்த கை என்பது பேச்சே இல்லை. கண் போனவள் என்று வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். இந்த முறை அவர் வருவது வருகிற திங்கட்கிழமை. நூல் தெரியாமல் பயந்துகொண்டிருப்பவள் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். ஒப்பந்தக்காரரின் ஆளிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு இவள் ஒருத்தி மட்டும் இறங்கி வந்திருக்கிறாள். எல்லாரும் வந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாமே என்று தோன்றும். கண் அப்படியில்லை. ஒருத்திக்கு வேண்டியது இன்னொருத்திக்குத் தலைவலி. ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வில்லைப் பெட்டி, சட்டங்கள், கண்ணாடி வெட்டும் கருவி, எழுத்துப் பலகை எல்லாவற்றையும் தலையில் சுமந்து அந்தச் சரிவில் ஏறுவது நடக்கிற காரியமில்லை. வாடகை வண்டிக்காரர்கள் வழுக்குமேட்டின் பெயரைக் கேட்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்ணாடியம்மா தெருவில் நின்ற தன் மஞ்சள் ஜீப்பைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். ஞாயிறு என்றால் முடிதிருத்தும் கடையில் வரிசை கட்டி நிற்பார்கள், கணவர் வர முடியாது. நாத்தனார் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். அண்ணியைத் தனியாக விட மனமில்லை என்றா? இல்லையாம். பாதிவழி பாதிவழியில் நிற்பதைக் கண்ணால் பார்க்க டிக்கெட் எடுக்காமல் ஒரு வாய்ப்பாம். பின்னால் பெட்டிகளின் நடுவே ஊசிக்காரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஊர் எல்லை தாண்டி மண்பாதையில் இறங்கியதுமே வண்டிக்குப் புது உயிர் வந்தமாதிரி இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியது, கல்லைத் தாண்டியது, ஓடை நீரை இரண்டு பக்கமும் விசிறியடித்தது. கண்ணாடியம்மா பல்லெல்லாம் தெரிய ஓட்டினாள். பிறகு வழுக்குமேடு வந்தது. குட்டைக் கம்பியை இழுத்துப் போட்டாள். முதல் கியர். வண்டி ஏறியது, ஏறியது, சரிவின் நடுவில் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்தது. பின் சக்கரங்கள் சேற்றைக் கடைந்து கடைந்து பள்ளம் பறித்தன. வண்டி நின்றுவிட்டது. மரக்கடை முதலாளி நின்ற இடம், பால் கொட்டிய இடம், இடுப்புப் பிடித்த இடம், எல்லாம் அதே இடம்.

"படம் முடிஞ்சுது அண்ணி. வணக்கம் போட்டாச்சு" என்றாள் நாத்தனார். ஆனால் குரலில் கேலி பாதிதான் இருந்தது. பின்னால் ஊசிக்காரி கழுத்தை நீட்டினாள். மேலே சரிவைப் பார்த்தாள். புகை எழும் கூரைகள் அங்கிருந்தே தெரிந்தன.

கண்ணாடியம்மா இறங்கினாள். ஊரின் சிரிப்பு அவளுக்குப் பெரிதில்லை. நாளைக்கு வரிசையில் உட்காரப்போகும் பெண்களை நினைத்தாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு, கடையில் நாள் முழுக்கச் செய்வதைத்தான் இங்கேயும் செய்தாள். ஒரு நேரத்தில் ஒன்று.

நாத்தனாரை ஓரமாகத் தள்ளி நின்று குனிந்து பார்க்கச் சொன்னாள். குட்டைக் கம்பியை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தாள். என்ன சுற்றுகிறது? பின் சக்கரம் மட்டும். இப்போது கம்பியை இழுத்துவிட்டு மிதித்தாள். என்ன சுற்றுகிறது?

"பின் சக்கரம்தான். முன் சக்கரம் சாமி மாதிரி உக்காந்திருக்கு. ஆனா அண்ணி, அடியில முன்பக்கம் போற அந்த நீளத் தண்டு இருக்குல்ல, அது சுத்துது. அதுலேர்ந்து சக்கரத்துக்குப் போற சின்னத் தண்டும் சுத்துது. நீங்க கம்பியை இழுக்கறதுக்கு முன்னே சுத்தலையே."

கண்ணாடியம்மா என்ஜினை அணைத்தாள். கம்பி இழுத்தால் சக்தி முன்பக்கம் போகிறது. சக்கரத்தின் வாசல் வரை போகிறது. வாசலில் யாரோ கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் இருக்கும் இடத்தில்தான் பித்தளைத் தகடு பளபளத்தது.

மருந்துக்கடைக்காரருக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்ததைப் பார்த்து நாத்தனார் முன்னால் வந்து நின்றுகொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம் அண்ணி. விளையாடாதீங்க. உயிருக்கு ஆபத்துன்னு சொல்லியிருக்காங்க."

"யார் சொன்னா?"

"பரிகாரக்காரர்."

"அவர் இந்த மேட்டுல எப்பவாவது வண்டி ஓட்டியிருக்காரா?"

நாத்தனார் நகரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஊசிக்காரி இறங்கி வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"இந்தத் தகடு இருக்கறப்ப யாருக்கு நல்லது நடந்துச்சு, ஒண்ணு சொல்லு தாயி. நீ ஒண்ணு சொன்னா நான் இங்கேருந்தே நடந்து போயிடறேன்."

நாத்தனார் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

திருகாணிகள் பழசு, சேறும் துருவும் ஏறியவை. கண்ணாடிச் சட்டத்தின் மடிப்புக்கு விடும் சின்ன எண்ணெய்க் குப்பி பெட்டியில் இருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். தகடு கையோடு வந்தது. இடி விழவில்லை. உள்ளே, மையத்தில், திருப்புவதற்கு வாகாக ஒரு குமிழ் இருந்தது. பக்கத்தில் செதுக்கிய எழுத்து, ஒரு பக்கம் 'லாக்', மறுபக்கம் 'ஃப்ரீ'. குமிழின் அம்பு 'ஃப்ரீ'யில் நின்றது. சமதளச் சாலையில் முன் சக்கரம் சும்மா உருளட்டும் என்று அப்படி வைப்பார்கள். மேட்டில் ஏறுமுன் இறங்கி, இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால்தான் குட்டைக் கம்பி இழுப்பதற்கு அர்த்தம். அந்தக் குமிழைத்தான் தோஷம் கழிக்கிறேன் என்று ஒருவன் பித்தளை போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேட்டில் மாட்டிக்கொண்டு, வண்டியைத் திட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடியம்மா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே தன்மேல் எரிச்சலும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவள் தானே. அவள் எழுந்து மறுபக்கம் போவதற்குள் நாத்தனார் அங்கே மண்டியிட்டு இரண்டாவது தகட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். எண்ணெய் கேட்டுக் கையை நீட்டினாள், திரும்பிப் பார்க்காமல்.

"டிக்கெட் குடுக்கறவளை ஏமாத்தி உள்ள போயிருக்கான் பாருங்க அண்ணி, இத்தனை வருஷம்" என்றாள்.

இரண்டு குமிழும் பூட்டியாயிற்று. கண்ணாடியம்மா சாவியைத் திருப்பினாள். குட்டைக் கம்பி, முதல் கியர், மெதுவாக, மெதுவாக. முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வியதை அவள் ஸ்டீயரிங் வழியாகவே உணர்ந்தாள். யாரோ மேலே நின்று கயிறு கட்டி இழுப்பதுபோல, வண்டி பள்ளத்திலிருந்து மூக்கை உயர்த்தி எழுந்தது. ஒரு அங்குலம், ஒரு சாண், ஒரு முழம். சேறு பறந்தது, என்ஜின் கத்தியது, நாத்தனாரும் கூடவே கத்தினாள். வானம் மட்டும் தெரிந்த முன்கண்ணாடியில் மறுபடி பாதை தெரிந்தது. வழுக்குமேடு பின்னால் போயிருந்தது. கண்ணாடியம்மா தும்மல் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குடியிருப்பு வரும் வரை கையை எடுக்கவே இல்லை.

மெக்கானிக் பிறகு ஒப்புக்கொண்டார். அந்த மாதிரி வண்டிகளில் அங்கே குமிழ் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மரக்கடை முதலாளியிடம் இருந்த டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் இறங்கிப் பூட்டுவார். சம்பளத் தகராறில் அவரை விரட்டிய பிறகுதான் முதலாளி முதல் தடவை மாட்டிக்கொண்டார். தெரிந்தவனை விரட்டிவிட்டுத் தெரியாதவனிடம் தகடு வாங்கியிருக்கிறார். மெக்கானிக் ஒருமுறை வாயெடுத்தார், சாமி காரியத்தில் தலையிடாதே என்று அடக்கிவிட்டார்கள். பயந்து சத்தியமும் செய்துவிட்டார். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

மேல்குடியிருப்பில் வண்டிச் சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து நின்றார்கள். பெண்கள் கூடித் தைக்கும் கொட்டகையிலேயே எழுத்துப் பலகை ஏறியது. ஒரு முக்காலிதான் சுழல் நாற்காலி. இது நல்லாருக்கா, முன்னே போட்டது நல்லாருந்துச்சா? வெளிச்சம் உள்ளவரை அதே கேள்வி. வரிசையை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். முண்டியடித்தவர்களைச் சினிமாக் கொட்டகையில் மிரட்டும் அதே குரலில் மிரட்டினாள். போன வருஷங்களில் வேலை போனவர்களும் வந்தார்கள். ஒரு பெண் கண்ணாடி போட்டதும் தன் மகளின் முகத்தைக் கையில் ஏந்தி, "உனக்கு இங்க மச்சம் இருக்காடி?" என்று கேட்டாள். கண்ணாடியம்மா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்ணியும் நாத்தனாரும் அன்று அங்கேயே தங்கினார்கள்.

திங்கள் காலை ஒப்பந்தக்காரர் கோவேறு கழுதை மேல் வந்து இறங்கினார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களின் மூக்கையெல்லாம் பார்த்ததும் முகம் சுருங்கியது. கண்ணாடி போட்டுக் கோப்பது கணக்கில் வராது, கழற்றுங்கள் என்றார். வெறுங்கண்ணால் முடிந்தவளுக்குத்தான் வேலை என்றார்.

யாரும் கழற்றவில்லை. ஊசிக்காரி தன் ஊசியில் நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, தலை நிமிர்ந்தாள்.

"நீங்க முதல்ல கழட்டுங்க ஐயா. அப்புறம் எங்க பேரைப் படிங்க, பாப்போம்."

அவர் கை தானாகத் தன் மூக்குக்குப் போனது. அங்கே தங்கநிறச் சட்டம் போட்ட கண்ணாடி இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கண்ணாடியம்மாவை அவர் அப்போதுதான் பார்த்தார். அந்தக் கண்ணாடியை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஐயாவுக்கு அந்த நம்பர் இன்னும் சரியா இருக்கா?" என்று கேட்டாள் அவள், கடையில் கேட்பதுபோலவே. "இல்லைன்னா சொல்லுங்க. பெட்டி இங்கதான் இருக்கு. உங்களுக்கும் பாத்துடறேன்."

முதலில் சிரித்தது நாத்தனார். பிறகு கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஒப்பந்தக்காரர் தொண்டையைக் கனைத்து, சரி, கோத்துக் காட்டுங்கள் என்றார். வரிசை நெடுக ஊசிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, நூலோடு. அன்று அங்கே யாருக்கும் வேலை போகவில்லை. முன்பு அனுப்பப்பட்டவர்களையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று பெண்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசித்து முடிக்கும் வரை இன்றைக்கு யாரும் ஊசியைத் தொட மாட்டோம் என்றாள் ஊசிக்காரி. அவர் அங்கேயே யோசித்து முடித்தார்.

இப்போது மஞ்சள் ஜீப் மாதத்துக்கு ஒருமுறை மேலே போகிறது. அங்கிருந்து இன்னும் உள்ளே, பெயர்கூடத் தெரியாத குடியிருப்புகளுக்கும் போகிறது. மேட்டின் அடியில் நிறுத்தி, இறங்கிக் குமிழ்களைப் பூட்டுவது நாத்தனாரின் வேலை. வேறு யாரையும் தொட விடுவதில்லை. போகிற இடமெல்லாம் மூலையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி இருக்கிறாள். கண் போய்விட்டது என்று அவளும் நம்புகிறாள், வீடும் நம்புகிறது. அவளால் லாபம் வரும்வரை வைத்திருந்து அனுப்பியவனுக்கு அந்த நம்பிக்கை மிகவும் வசதி.

ஆனால் ஒரு வண்டியும் ஒரு பெட்டியும் எத்தனை சரிவுதான் ஏறும்? மீதியை நீங்கள் செய்யுங்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், உங்கள் துணியைத் தைக்கும், உங்கள் அரிசியில் கல் பொறுக்கும் கைகளில், நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் இன்றைக்கே ஓர் ஊசியையும் நூலையும் கொடுத்துப் பாருங்கள். கையை நீட்டி நீட்டித் தூரத்தில் வைத்துக் கோக்கப் பார்த்தால், வயசாச்சு என்று ஆறுதல் சொல்லாதீர்கள். எழுந்து, செருப்பை மாட்டி, அவரைக் கூட்டிக்கொண்டு கண் சோதிக்கப் போங்கள்.